பாய்லர் காலனியின் நெஞ்சுச் சூடு

மஞ்சள் புகை வந்துவிட்டுப் போன மறுநாள் காலையில் சென்னியப்பனின் நெஞ்சில் ஓர் அப்பளம் பொரிந்தது. கட்டிலில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தவனின் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுக்க அவன் பெண்டாட்டி அம்சவேணி குனிந்தபோது, இழவு வீட்டுச் சோற்றோடு அக்கம்பக்கத்தார் கொடுத்து அவள் மடியில் செருகியிருந்த அப்பளக்கட்டு அவிழ்ந்து ஒன்று அவன் நெஞ்சின் மேல் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கொப்புளம் கொப்புளமாக எழும்பி, ஓரம் சுருண்டு, பொன்னிறமாகி, பிறகு கறுக்கத் தொடங்கியது. அம்சவேணி திகைக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் கூடப்பிறந்த தங்கச்சி ருக்குமணியை மயானத்துக்கு அனுப்பிவிட்டு வாசல் கழுவியவள் அவள். திகைக்க அவளிடம் என்ன மிச்சம் இருக்கும்? அப்பளத்தை எடுத்துப் பாதியை ஒடித்துத் தின்றாள். மீதியை அவன் வாயில் வைத்தாள்.

"உப்புப் பத்தல புள்ள," என்றான் சென்னியப்பன்.

"நெஞ்சுல சுட்டதுக்கு உப்பு வேற கேக்குதா? பேசாம மூச்ச உடுங்க மாமா."

பாய்லர் காலனி என்பது சாய ஆலையின் பின்மதிலை ஒட்டிப் பள்ளத்தில் கிடக்கும் எங்கள் வீடுகளுக்கு ஆலைக்காரன் வைத்த பெயர். ஆலைக்குள் துணி கொதிக்க நெருப்பு வேண்டும், நெருப்புக்கு விறகு வேண்டும், விறகைத் தள்ள ஆள் வேண்டும், சாம்பலை அள்ள ஆள் வேண்டும். அந்த ஆட்கள்தான் நாங்கள். புகை வந்த அன்று விடியற்காலையில் ஷிப்ட் மாறுகிற நேரத்துக்குப் பிளீச்சிங் பிரிவில் ஒரு குளோரின் சிலிண்டரின் வாய் உடைந்தது. மஞ்சளும் பச்சையுமான அந்தப் புகை மேலே எழும்பத் தெரியாத புகை. தரையோடு தரையாக ஊர்ந்து, மதிலின் சாக்கடைத் துளை வழியாகக் குனிந்து நுழைந்து, பள்ளத்தில் இறங்கி, எங்கள் வீடுகளுக்குள் சொந்தக்காரனைப் போல வந்து உட்கார்ந்தது. உள்ளே வேலையில் நின்றிருந்த ருக்குமணி மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு மற்ற பெண்களை வெளியே தள்ளிவிட்டு, கடைசியாகத் தான் வந்து, கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் விழுந்தாள். அவளோடு இன்னும் சிலர் செத்தார்கள். மற்றவர்களுக்கு நெஞ்சு சுட்டது. அத்தனை வீட்டிலும், அத்தனை பேருக்கும், அப்பளம் பொரிகிற சூடு.

ஆலை என்ன சொன்னது? எங்கள் ஆலையில் குளோரினே கிடையாது, எப்போதோ அதைக் கைகழுவியாயிற்று என்றது. செத்தவர்களில் ஒருவனுக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு என்றது, ஒருவன் குடிகாரன் என்றது, ருக்குமணி அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, புளியமரத்தடியில் அவளுக்கு என்ன வேலையோ நாங்கள் அறியோம் என்றது. அந்தக் கடைசிச் சொல்லை மேனேஜர் சிவசைலம் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு அம்சவேணி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். அவள் நெஞ்சின் மேல் கிடந்த சேலை மடிப்பில் இருந்து லேசாகத் தீய்ந்த வாடை வந்தது.

பிறகு அந்தச் சூட்டோடு வாழப் பழகினோம். எதற்குத்தான் நாங்கள் பழகவில்லை? மழைநாளில் பிள்ளைகளின் ஈரச் சீருடையை அப்பன் நெஞ்சில் விரித்தால் பள்ளிக்கூட மணிக்குள் காய்ந்துவிடும். தாய்க்கோழியை நாய் கொண்டுபோன வீட்டில் கிழவர் நஞ்சப்பர் மல்லாந்து படுத்து முட்டைகளை நெஞ்சில் அணைத்துக் குஞ்சு பொரித்தார். அந்தக் குஞ்சுகள் கடைசிவரை அவர் இருமலுக்குத்தான் ஓடிவந்தன. விஷயம் பரவியதும் மேட்டுத்தெருக்காரர்கள் இறங்கி வந்தார்கள். இஸ்திரிக்கடைக்காரன் கரிச்செலவு மிச்சம் என்று ஆள் கேட்டு வந்தான். டீக்கடைக்காரன் பால் சுட வைக்க ஒரு ஆளை அனுப்பு என்றான். ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் வந்து, எங்கள் நெஞ்சில் அப்பளம் சுட்டு, அதைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, அப்பளத்தைத் தின்றுவிட்டுப் போனார்கள். இத்தனை பேர் வந்தார்களே, ஏன் சுடுகிறது என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. ஆலை மட்டும் வீட்டுக்கு ஒரு மின்விசிறி அனுப்பியது. "கோடை பாருங்க, எல்லாருக்கும் சூடாத்தான் இருக்கும்," என்று சிவசைலம் சொல்லியனுப்பினார். விசிறிகளை அம்சவேணிதான் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் ஆலைக் கேட்டின் முன்னால் தலைகீழாக நட்டுவைத்துவிட்டு வந்தாள்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வருவார் என்று அரசாங்கம் சொன்னது. அவர் வந்து நெஞ்சில் கைவைத்துப் பார்த்தால் போதும், வேறு சாட்சியே வேண்டாம் என்று நாங்கள் இருந்தோம். சித்திரையில் வருகிறார் என்றார்கள். சித்திரை போயிற்று. வைகாசி என்றார்கள், அதுவும் போயிற்று. ஒவ்வொரு முறை தேதி தள்ளும்போதும் காலனியில் யாராவது ஒருவரின் நெஞ்சு ஆறிப்போனது. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் நெஞ்சில் அப்பளம் வைத்துப் பார்ப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. பொரிந்தால் நிம்மதி, வெறுமனே வதங்கினால் அந்த வீட்டில் இழவுச் சத்தம். உடம்பு சரியாகிறதே என்று அழுத ஊரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்களை அப்படி அழவைத்தவன் ஆலைக்குள் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, நாங்கள் ஆறட்டும் என்று காத்திருந்தான்.

தண்ணீர்த்தொட்டிக்கடியில் கூட்டம் போட்டோம். தலைமை பாய்லர்காரர் மாரப்பன்தான் வழி சொன்னார்.

"நாமெல்லாம் ஆருங்கடா? ராத்திரி பூரா நெருப்பு எரியலைன்னாலும் விடியறப்ப கங்கு இருக்கோணும்னு காக்கறவங்க. அடுப்ப எப்படி மூடறோம்? ஈரச் சாம்பலப் போட்டு, லேசாப் புகைய உட்டு, காத்து அளவா உட்டு மூடறோம். மறுநாள் கிளறுனாச் செக்கச்செவேல்னு இருக்குது. நெஞ்சும் ஒரு அடுப்புத்தான?"

நெருப்பைக் காத்தே வயிறு கழுவியவர்களுக்கு இதைவிடச் சரியான பேச்சு இருக்க முடியுமா? விறகு போடாவிட்டால் நெருப்பு தானாகச் சாகும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த நெருப்பு. அன்றைக்குச் சாயங்காலமே தொட்டிக்கடியில் சட்டிகளில் ஈரவிறகு புகைந்தது. ஆணும் பெண்ணும் சுற்றி உட்கார்ந்து அந்தப் புகையை அளவாக, சின்னச் சின்ன மூச்சாக, அடுப்புக்குக் காற்று விடுவதுபோல நெஞ்சுக்குள் விட்டு, மேலே ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டார்கள். மறுநாள் அப்பளம் பொரிந்தது. ஆறிப்போன நெஞ்சுகள்கூட மறுபடி சுட்டன. அம்சவேணி ஒவ்வொரு சாயங்காலமும் சென்னியப்பனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து சட்டிக்கு மிக அருகே உட்காரவைத்தாள். அவன் நெஞ்சுதான் காலனியிலேயே அதிகம் சுட்டது, ருக்குமணியைப் புளியமரத்தடியில் இருந்து தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான்.

"கொஞ்சம் தள்ளி உக்காரட்டுமா புள்ள? கண்ணு எரியுது."

"என்ற தங்கச்சிக்கு எரிஞ்சது தெரியுமுங்களா?"

அவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ஜெசிந்தா தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. சென்னியப்பனின் முதுகில் விரலால் தட்டிப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், கழற்றிவிட்டு வெறும் காதை வைத்தும் கேட்டார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"எவன் சொன்னான் உங்களுக்குப் புகை போடச் சொல்லி? நெஞ்சு என்ன அடுப்பா?"

"ஆமாங் டாக்டரம்மா. அப்பளமே சுடறமுங்களே," என்றான் சென்னியப்பன்.

"சிரிக்காதீங்க. அக்கா, நீங்க கேளுங்க. காயம் பட்டதும் உடம்பு முதல்ல ஒரு கூட்டத்த அனுப்பும். அவங்க தீயோட வருவாங்க, வந்து கண்ணுமண்ணு தெரியாம எரிப்பாங்க, அவங்க வேலையே அதுதான். எரிச்சிட்டு அங்கனயே செத்து விழுவாங்க. பின்னால இன்னொரு கூட்டம் வரும். துப்புரவுக்காரங்க. அவங்க செத்தவங்களத் தின்னு, கருகினத அள்ளி, உடைஞ்ச சுவரப் பூசி, 'போதும், இனி ஒருத்தரும் தீயக் கொண்டுவராதீங்க'ன்னு சத்தம் போடுவாங்க. தீ தானா அணையாதுக்கா. வேல செஞ்சு அணைக்கணும். அந்த வேலக்காரங்க கையக் கட்டி, வாயப் பொத்திட்டு, தினமும் புதுசா தீக்காரங்களக் கூப்பிட்டுட்டு இருக்கீங்க. இப்படியே போனா சதை தழும்பாவும், தழும்பு கல்லாவும். இவர் நெஞ்சுல கீழ ரெண்டு பக்கமும் கல்லு தொடங்கியாச்சு."

"அணைஞ்சு போச்சுன்னா?" என்றாள் அம்சவேணி. "அந்த அதிகாரி வந்து தொட்டுப் பாத்தா என்னத்தத் தொடுவாரு? என்ற தங்கச்சி அன்னைக்கு வேலைக்குப் போனாங்கறதுக்கு எனக்கு இதுதானுங்க இருக்குது. இது ஒண்ணுதானுங்க இருக்குது!"

"செத்தவங்களுக்குச் சாட்சி வைக்கேன்னு உசுரோட இருக்கவருக்குக் கொள்ளி வைக்கீங்க."

அம்சவேணி எழுந்தாள். "மேட்டுல உக்காந்துட்டு நெம்ப நல்லாப் பேசறீங்க டாக்டரம்மா," என்று சொல்லிவிட்டு அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த 'போதும்' என்ற சொல்லை உடம்பு கொழுப்பில் இருந்துதான் செய்யும், மீனெண்ணெய் மாதிரிக் கொழுப்பு, மத்தி மீன் வாங்கிக் கொடுங்கள் என்று டாக்டர் வாசல்வரை வந்து கத்தியது காலனிக்கும் எட்டியது. அதன் விளைவு என்னவென்றால் மறுநாள் மீன் வண்டிக்காரர் காதர் பாய் பள்ளத்தில் இறங்கியபோது பெண்கள் துடைப்பத்தோடு நின்றார்கள். "நெருப்ப அணைக்க வந்தயா பாய்? ஆலைக்காரன் எத்தன மீன் குடுத்தனுப்பினான்?" என்று மாரப்பனின் சம்சாரம் கேட்டாள். காதர் பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. மத்தியைப் போய் இப்படிப் பயப்படுவார்களா என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஆடியில் அதிகாரி நிச்சயம் வருகிறார் என்று செய்தி வந்தது. அந்த மாதம் பிறந்த ஒரு காலையில் அம்சவேணி வழக்கம்போல் அப்பளம் எடுத்துவந்தாள். நெஞ்சின் நடுவில் வைத்தாள், பொரிந்தது. சற்றுக் கீழே நகர்த்தி வைத்தாள். அங்கே பொரியவில்லை, வதங்கவும் இல்லை, அம்மிக்கல்லில் வைத்ததுபோல் பச்சையாகக் கிடந்தது. கைவைத்துப் பார்த்தாள். சில்லென்று, இறுகிப்போய், அவன் மூச்சு இழுக்கும்போது மற்ற இடமெல்லாம் எழும்ப அந்த இடம் மட்டும் எழும்பாமல் கிடந்தது. கைவிரல்கள் பட்டும் அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"மாமா, வலிக்குதுங்களா?"

"இல்ல புள்ள. அங்க நான் இல்லாத மாதிரி இருக்குது." கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டு சொன்னான்: "அவரு வர்ற வரைக்கும் தாங்கீரும். அதுக்கு மேல தாங்கலைன்னாலும் பரவால்ல. ருக்குவுக்காகத்தான."

அவன் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். சமாதானமாகச் சொன்னான். அவளுக்குள் அத்தனை நாளும் ஆலையைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி அவள் மேலேயே பாய்ந்தது. என் தங்கச்சியை ஆலைக்காரன் கொன்றான், என் புருஷனை நான் கொல்கிறேன், அதிகாரி வந்து பார்த்துவிட்டு இருவருக்கும் ஒரே கணக்காக எழுதிக்கொண்டு போவானா? அவள் நேராகத் தண்ணீர்த்தொட்டிக்குப் போனாள். சாயங்காலத்துக்காக அடுக்கிவைத்திருந்த புகைச்சட்டிகளை ஒவ்வொன்றாகக் காலால் எற்றி உடைத்தாள். சத்தம் கேட்டுக் காலனியே ஓடிவந்தது.

"அம்மிணி, பைத்தியம் புடிச்சுதா உனக்கு? இன்னும் கொஞ்ச நாள்தான்!" என்று மாரப்பன் கத்தினார்.

"உங்க நெஞ்சத் தட்டிப் பாருங்கண்ணா. கல்லுச் சத்தம் கேக்கும்."

"ஆலைக்காரன் உன்னயும் வாங்கிட்டானா?"

அவள் அவர் முகத்துக்கு நேரே போய் நின்றாள். "என்னய வாங்கறதுக்கு அவன்கிட்ட என்ன இருக்குது? அவனா? என்ற தங்கச்சியத் திருப்பித் தர அவனால ஆகுமா? உடம்பு போதும்னு சொல்றது நெருப்பப் பாத்துண்ணா. அவனப் பாத்து இல்ல. உடம்பு வூட்டக் கூட்டிச் சுத்தம் பண்ணுனா கொன்னவன மன்னிச்சாச்சுன்னு அர்த்தமா? எனக்குக் கோவம் ஆறாதுண்ணா. கோவத்த நான் என்ற கைக்குள்ள வெச்சுக்கறேன். அவரு நெஞ்சுக்குள்ள இனி வெக்க மாட்டேன்."

பாதிப் பேர் அவளைப் பார்த்துத் துப்பினார்கள். பாதிப் பேர் வீட்டுக்குப் போய்த் தங்கள் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார்கள். அவள் மேட்டுக்கு ஏறிப் போய், மேட்டுத்தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, காதர் பாயின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மத்தி மீனைக் குழம்பு வைத்தாள், வறுத்தாள், முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து சென்னியப்பனுக்கு ஊட்டினாள், ஈரவிறகை வெயிலில் எறிந்தாள், கதவைத் திறந்து வைத்தாள், அவனைத் தூங்க விட்டாள். அவன் தூங்கும்போது அவன் நெஞ்சில் காதை வைத்துப் படுத்தாள். முதலில் நெருப்பின் படபடப்பு மட்டும் கேட்டது. பிறகு ஒரு மத்தியானம், வெகுதூரத்தில், யாரோ ஒரு பெரிய வாசலைக் கூட்டத் தொடங்கினார்கள். ஈர்க்குமாறு தரையில் இழுபடும் சத்தம். ஒன்று, பிறகு பல, பிறகு ஒரு தெருவே சேர்ந்து கூட்டுகிற சத்தம். இடையிடையே பூச்சுக்கரண்டி சுவரில் வழுக்கும் சத்தம். அவள் தலையை எடுக்காமல் கேட்டுக்கொண்டே கிடந்தாள். சத்தம் வளர வளர நெஞ்சு ஆறிக்கொண்டே வந்தது. சீக்கிரத்தில் அந்தத் துடைப்பச் சத்தம் பல வீடுகளில் இருந்து கேட்டது. தெருவில் நடந்தால் விடியற்காலையில் ஊர் வாசல் தெளிப்பதுபோல் இருக்கும். மாரப்பனும் சிலரும் மட்டும் ரகசியமாகப் புகைபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆடியின் நடுவில் அதிகாரி வந்தார். ஆலை தன் கேட்டுக்கு முன்னால் மேடையோடு பந்தல் போட்டிருந்தது. ஏற்றுமதிக்குப் போகிற தன் துணியையே பந்தலின் மூன்று பக்கமும் தொங்கவிட்டிருந்தது. கருஞ்சிவப்பு, எதில் முக்கினாலும் சாயம் போகாத துணி என்று சிவசைலம் அதிகாரிக்குத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் வரிசையில் நின்றோம். அதிகாரி கைக்குட்டையால் கையைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு நெஞ்சாகத் தொட்டார். ஆறிய நெஞ்சுகள் குளிர்ந்திருந்தன. புகையில் காத்த நெஞ்சுகளும் குளிர்ந்திருந்தன, கல்லாக. மாரப்பனால் மேடைப் படி ஏறவே முடியவில்லை, இரண்டு பேர் தூக்கிவந்தார்கள், அதிகாரியின் கை அவர் நெஞ்சில் பட்டதும் அவர் அழுதுவிட்டார்.

"எல்லாருக்கும் நார்மலாத்தானே இருக்கு?" என்றார் அதிகாரி.

"நாங்கதான் அப்பவே சொன்னமுங்களே சார்," என்றார் சிவசைலம். "பாவம், தெரியாத சனம்."

சென்னியப்பனின் முறை வந்தது. அதிகாரி கையை எடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். அப்போதுதான் அந்தத் துடைப்பச் சத்தம் சென்னியப்பனின் நெஞ்சில் இருந்து மேலே ஏறித் தொண்டைக்கு வந்தது. உள்ளே அத்தனை நாளாகக் கூட்டிச் சேர்த்த குப்பையைத் துப்புரவுக்காரர்கள் வாசலுக்குத் தள்ளிவிட்டார்கள் போல. அவன் இருமினான். அடிவயிற்றில் இருந்து, கண் பிதுங்க, இடுப்பு மடங்க இருமினான். வாயைப் பொத்த நேரமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள, திரண்டு வந்த சளி பந்தலின் துணியில் போய் அப்பியது. அப்பிய இடம் இளஞ்சிவப்பானது. பிறகு வெளுத்தது. வெளுப்பு விளிம்பு விளிம்பாக விரிந்து, தட்டளவு, முறத்தளவு, சாயம் போகாத துணியில் சுண்ணாம்பு வெள்ளையாக நின்றது. வாடை எழும்பியது. மூக்கைச் சுரண்டும், கண்ணைக் கரிக்கும் அந்த வாடை.

சிவசைலம் காலமெல்லாம் சாயத்தில் கிடந்தவர். வாயைக் காட்டிலும் அவர் மூக்குக்கு வேகம் அதிகம். துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு ஆலையைப் பார்த்துத் திரும்பி அலறினார்:

"எவன்டா குளோரினத் தொறந்தவன்? வால்வ மூடுங்கடா நாய்களா! சிலிண்டர் பக்கம் எவன்டா நிக்கறது?"

 அதிகாரி மெல்லத் தலையைத் தூக்கினார்.

"உங்க ஆலையில குளோரினே இல்லைன்னு சொன்னீங்களே?"

 சிவசைலத்தின் துண்டு மூக்கிலேயே இருந்தது. அதற்குள் வரிசையில் நின்ற ஒவ்வொருவர் நெஞ்சிலும் துடைப்பங்கள் மேலே ஏறத் தொடங்கிவிட்டன. நஞ்சப்பர் இருமினார், அவர் பின்னால் நின்ற பெண்கள் இருமினார்கள், காலனியே இருமியது. வேண்டுமென்றே துணிக்கு அருகே போய் நின்று இருமியது. கருஞ்சிவப்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. மாரப்பன் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடினார். கல்லான நெஞ்சில் இருந்து அவருக்கு இருமல் வரவில்லை. அம்சவேணி போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமல் அவரையும் இழுத்துக்கொண்டு அதிகாரியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ருக்குமணி. ரானா சுழி போட்டு எழுதுங்க. அன்னைக்கு வேலைக்கு வந்திருந்தா. பிளீச்சிங் செக்சன்ல நின்னிருந்தா."

அதிகாரி பேனாவை எடுத்தார். சிவசைலத்தைப் பார்த்தார். பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. வெளுத்த துணியில் இருந்து காற்று அந்த வாடையை மேசைப் பக்கம் கொண்டுவந்தது, அவர் கண்ணில் நீர் கோத்தது.

"எழுதுங்க," என்றாள் அம்சவேணி.

அவர் அந்தப் பெயரை எழுதி முடிக்கும் வரைக்கும் நாங்கள் யாரும் இருமலை அடக்கவில்லை.